சொன்னால் உடனே நடக்குமா? ராணுவச் சுகாதார அதிகாரியாக விரும்பும் வாசகிக்குப் பதில்

வந்த கடிதம்

பெயர், ஊர், நாடு எதையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு வந்த நீண்ட கடிதம் இது. எழுதியவருக்கு 27 வயது. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். நான்கு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆஃபீசராக இருக்கிறார். பெயின்ட் அடிக்கும் கூடத்தில் காற்றோட்டம் போதவில்லை என்று பலமுறை ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். நிர்வாகம் "பார்க்கலாம்" என்பதைத் தாண்டவில்லை.

இப்போது அவருடைய நாட்டு ராணுவத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரம், பாதுகாப்பு இரண்டையும் கவனிக்கும் அதிகாரிப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். "அங்கே கட்டுப்பாடு இருக்கும். ஒரு இடம் ஆபத்து என்று நான் சொன்னால் உடனே மூடிவிடுவார்கள். இங்கே போல கெஞ்ச வேண்டியதில்லை" என்று எழுதுகிறார். மருத்துவப் பிரிவுப் பதவி என்பதால் துப்பாக்கி தூக்க வேண்டியிருக்காது, போர்முனைக்கும் அனுப்ப மாட்டார்கள் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார். பதினோரு வயதுவரை அவருக்கு ஆஸ்துமா இருந்தது. மெடிக்கல் டெஸ்டில் அதைச் சொல்லாதே என்கிறார் உறவினர் ஒருவர். தோழியோ, "ராணுவமே பூமியைப் பாழாக்குகிறது, அங்கே போய் எந்தச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் போகிறாய்?" என்று கேட்கிறார். வரன் பேச்சு ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பாதியில் விட்டுவர முடியுமா, வந்தால் வெளியே வேலை கிடைக்குமா என்பவை கடைசிக் கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

தொழில்சார் மருத்துவத்தில் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது, அதில் சில ஆண்டுகள் சீருடையில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் ஆசைப்படும் வேலை மதிப்புள்ள வேலை. உங்கள் படிப்பும் நான்கு ஆண்டு அனுபவமும் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் நீங்கள் அதைத் தேடிப் போகும் காரணம் எனக்குக் கவலை தருகிறது. அந்தக் காரணத்தோடு போனால் இரண்டாம் ஆண்டிலேயே மனம் உடைந்துவிடும். அதனால் அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன்.

எந்த நாடு என்று தெரியாததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். படைக்குப் படை இந்தப் பதவியின் அமைப்பு மாறும். அமெரிக்கத் தரைப்படையில் இவர்கள் மருத்துவச் சேவைப் பிரிவின் கீழ் வரும் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் அதிகாரிகள். அங்கேயே விமானப்படையில் உயிர்ச்சூழல் பொறியாளர் என்று வேறு பெயர், வேறு பயிற்சி. கடற்படையில் சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கு ஒருவர், தொழிலிடச் சுகாதாரத்துக்கு இன்னொருவர் என்று பிரித்திருக்கிறார்கள். இந்தியாவில் இந்த வேலையின் பெரும்பகுதியை ராணுவ மருத்துவப் பிரிவின் டாக்டர்களே, நிலையச் சுகாதார அமைப்புகள் வழியாகப் பார்க்கிறார்கள். ஆகவே விளம்பரத்தில் பதவியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மருத்துவப் பிரிவா, பொறியியல் பிரிவா, தளவாடப் பிரிவா என்பதைப் பொறுத்து உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடையே மாறிப்போகும்.

வேலை எப்படி இருக்கும்

உங்களுக்குப் பழக்கமான பகுதி நிறைய இருக்கிறது. வண்டிகள் பழுதுபார்க்கும் கூடத்தில் டீசல் புகை, விமானங்களுக்குப் பூசும் குரோமேட் கலந்த பெயின்ட், பழைய கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸ், மூடிய தொட்டிக்குள் இறங்குபவருக்கு ஆக்ஸிஜன் குறைவு. இவை எந்தத் தொழிற்சாலையிலும் உள்ளவைதான். சத்தம் மட்டும் வேறு அளவில் இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற கணக்கில் நீங்கள் இப்போது வேலை செய்வீர்கள். ஒரு ரைபிள் சுடும்போது காதருகே எழும் உச்ச ஒலி 150 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்கத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடங்களில் ஈயத் தூசி இருக்கும். சுடுபவரைவிட, தினமும் பயிற்சி கொடுப்பவருக்கும் அந்த இடத்தைப் பெருக்குபவருக்கும்தான் ரத்தத்தில் ஈயம் அதிகம் ஏற வாய்ப்பு. உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் போகும், குழந்தைகளையும் தொடும்.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது முகாம் சுகாதாரம். தண்ணீர், சமையல், கழிவறை, கொசு, எலி, குப்பை. நேற்றுவரை யாருமே இல்லாத வெளியில் இன்று ஆயிரம் பேர் தங்குகிறார்கள். அவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தண்ணீரில் எஞ்சும் குளோரினை ஒவ்வொரு நாளும் அளந்து எழுத வேண்டும். பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்த சுமார் 22,000 பிரித்தானியப் படையினரில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயால் இறந்தவர்கள். டைஃபாய்டுதான் அதில் பெரிய பங்கு. எதிரியின் குண்டைவிட முகாமின் தண்ணீர் அதிகம் பேரைக் கொன்ற போர்கள் சரித்திரத்தில் நிறைய உண்டு.

வெயிலும் அப்படித்தான். 1950களில் அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்தார்கள். அதைத் தடுக்க உருவானதுதான் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி, வெயிலின் சூட்டை அளக்கும் கருங்கோளம், சாதாரண உலர் வெப்பமானி மூன்றின் அளவையும் 7, 2, 1 என்ற விகிதத்தில் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு. இன்று தொழிற்சாலைகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். உங்கள் தொழிற்சாலையில் அந்தக் கருவி இருந்தால், அது ஒரு ராணுவச் சுகாதாரக் குழு தந்த கொடை.

நீங்கள் ஆணையிடுபவர் இல்லை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஆபத்து என்று சொன்னால் உடனே மூடிவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ராணுவத்தில் கட்டளைக்குக் கீழ்ப்படிவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டளையைப் பிறப்பிப்பவர் கமாண்டர். நீங்கள் அவருடைய ஆலோசகர். குடிநீர், உணவு போன்ற சில விஷயங்களில் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைச் சில படைகள் சுகாதார அதிகாரிக்கே கொடுத்திருக்கின்றன. மற்றவற்றில், அளந்து, ஆராய்ந்து, என்ன செய்யலாம் என்று சொல்வதோடு உங்கள் அதிகாரம் முடிகிறது. செய்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவர்.

அவர் கெட்டவராக இருக்க வேண்டியதுகூட இல்லை. நண்பகல் நடைப்பயிற்சியை மாலைக்குத் தள்ளுங்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். மாலையில் அந்தப் பாதை வேறு யூனிட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், மறுநாள் படை கிளம்ப வேண்டியிருக்கும். அவர் தட்டில் பத்து ஆபத்துகள் இருக்கும், உங்களுடையது அதில் ஒன்று. தொழிற்சாலையில் லாபம் உங்களோடு மோதுகிறது. அங்கே பணியின் அவசரம் மோதும். அவசரம் என்ற வார்த்தையை எதிர்த்து வாதாடுவது லாபத்தை எதிர்ப்பதைவிடக் கடினம், ஏனென்றால் சில நேரம் அது உண்மையாகவே அவசரமாக இருக்கும்.

அதோடு ரேங்க் என்று ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த லெப்டினன்ட், இருபது வருடம் சேவை செய்த கர்னலிடம் போய் "சார், இந்தக் கிணற்றை மூட வேண்டும்" என்று சொல்ல வேண்டும். மரியாதை குறையாமல், ஆனால் அளந்து கண்ட எண்ணைக் குறைத்துச் சொல்லாமல். இதைப் பழகிக்கொள்ளலாம், நிறையப் பேர் பழகியிருக்கிறார்கள். நல்ல கமாண்டர்கள் இப்படிப்பட்ட அதிகாரியைத் தேடிக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கெஞ்சும் வேலை ஒழிந்தது என்று நினைத்துப் போகாதீர்கள்.

அப்படியானால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? இரண்டு கருவிகள் இருக்கின்றன. முதலாவது, ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்து. பல படைகளில் விதி இதுதான்: ஆபத்து எவ்வளவு பெரியதோ, அதை ஏற்றுக் கையெழுத்திட வேண்டியவரின் ரேங்கும் அவ்வளவு உயர வேண்டும். சிறிய ஆபத்துக்குக் கம்பெனி கமாண்டர் போதும், மிகப் பெரியதற்கு ஜெனரல் வரை போக வேண்டும். நீங்கள் ஆபத்தை நேர்மையாக மதிப்பிட்டு எழுதினால், கீழே இருப்பவர் அதைத் தன் அளவில் முடித்துவிட முடியாது. மேலே போய்க் கையெழுத்துக் கேட்பதைவிட ஒரு மின்விசிறி பொருத்துவது எளிது என்று பலர் முடிவுசெய்வார்கள். நிறைய இடங்களில் வேலை நடப்பது இப்படித்தான்.

இரண்டாவது, பதிவேடு. இதன் மதிப்பு உடனே தெரியாது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கத் தளங்களில் பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் திறந்த குழிகளில் கொட்டி எரித்தார்கள். ஊர் திரும்பிய வீரர்களுக்கு மூச்சுத் தொல்லை வந்தபோது, "நீ எவ்வளவு புகையைச் சுவாசித்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வந்தது. ஒவ்வொருவரும் சுவாசித்ததை யாரும் அளந்து வைக்கவில்லை. பெரும்பாலான கோரிக்கைகள் திருப்பி அனுப்பப்பட்டன. 2021இல் சில நோய்களுக்கும், 2022 ஆகஸ்டில் வந்த ஒரு தனிச் சட்டத்தால் இன்னும் பல நோய்களுக்கும், குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட காலத்தில் பணிசெய்தவர்களுக்கு அவை வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்ற நிலை வந்தது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேம்ப் லெஜூன் மரைன் தளத்தின் கதை இன்னும் நீளம். அங்கே குடிநீரில் துணி வெளுக்கும், உலோகம் கழுவும் கரைப்பான்கள் கலந்திருந்தன. 1953 முதல் 1987 வரையிலான காலத்தை அரசே பாதிப்புக் காலமாக ஏற்றிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் தண்ணீரைச் சோதித்த ஆய்வகங்கள் ஏதோ கலந்திருக்கிறது என்று எழுத்தில் எச்சரித்தன. மோசமான கிணறுகள் மூடப்பட்டது 1984 இறுதியிலும் 1985இலும். அந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. அங்கே குழந்தைகள் வளர்ந்தார்கள், கர்ப்பிணிகள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். ஆனால் அந்தப் பழைய ஆய்வகத் தாள்கள் இருந்ததால்தான், பல ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பங்களால் "எங்களுக்குச் சொல்லாமல் விட்டீர்கள்" என்று நிரூபிக்க முடிந்தது.

ஆகவே நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: என் பேச்சு இன்று கேட்கப்படாவிட்டாலும், சரியாக அளந்து, தேதி போட்டு, திருத்தாமல் எழுதி வைக்கும் பொறுமை எனக்கு இருக்கிறதா? ஆம் என்றால் தாராளமாகப் போங்கள். உடனே மாற்றம் வேண்டும் என்ற தவிப்புதான் உங்களை ஓட்டுகிறது என்றால், அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் பதவி போன்ற, பல நாடுகளில் சட்டப்படி வேலையை நிறுத்த உத்தரவிடும் அதிகாரம் உள்ள வேலை உங்களுக்கு அதிகம் பொருந்தலாம். அதையும் விசாரித்துப் பாருங்கள்.

துப்பாக்கி, போர்முனை, அம்மாவுக்குச் சொன்ன சமாதானம்

அம்மாவிடம் சொன்னதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அதிகாரிப் பயிற்சியில் ஆயுதப் பயிற்சி அநேகமாக எல்லாப் படைகளிலும் உண்டு. மருத்துவப் பிரிவினரும் கற்றுக்கொள்வார்கள்.

சர்வதேசச் சட்டத்தில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. 1949ஆம் ஆண்டின் முதல் ஜெனிவா ஒப்பந்தத்தின் 24ஆவது பிரிவு காயம்பட்டோரைக் கவனிப்பவர்களுக்கு மட்டும் பாதுகாப்புக் கொடுக்கவில்லை. "நோய்த் தடுப்பில்" ஈடுபடும் மருத்துவப் பணியாளர்களையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. தற்காப்புக்கும் நோயாளிகளைக் காக்கவும் அவர்கள் ஆயுதம் வைத்திருப்பதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்கிறது 22ஆவது பிரிவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் மருத்துவ, நோய்த்தடுப்பு வேலையை மட்டுமே செய்பவராக இருக்க வேண்டும். பொறியியல் பிரிவிலோ தளவாடப் பிரிவிலோ இதே வேலையைச் செய்தால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் மற்ற படைவீரர்களைப் போல ஒருவர்தான். எந்தப் பிரிவு என்று பாருங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகவும்தான்.

அனுப்புவார்களா என்றால், அனுப்புவார்கள். ஒரு முகாம் அமைப்பதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பார்க்கப் போகும் முதல் குழுவில் சுகாதாரப் பணியாளர் இருப்பது வழக்கம். அம்மாவிடம் "ஆபத்தே இல்லை" என்று சொல்லாதீர்கள். "முன்வரிசையில் சண்டையிடும் வேலை இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போக வேண்டிவரும்" என்று சொல்லுங்கள். வருத்தப்படுவார். ஆனால் பிறகு தெரிந்து ஏமாந்ததாக நினைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆஸ்துமாவை மறைக்காதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உறவினர் அன்பினால்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறான யோசனை. மறைத்துச் சேர்ந்தது பின்னால் தெரிந்தால் பல நாடுகளில் அது மோசடியாகச் சேர்ந்த குற்றம். வேலை போகும், வெளியே வந்த பிறகும் அந்தக் கறை கூடவே வரும். பயிற்சியில் கண்ணீர்ப்புகை நிறைந்த அறைக்குள் முகமூடியைக் கழற்றச் சொல்லும் படைகள் உண்டு. அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் சுருங்கினால் உயிருக்கே ஆபத்து.

முக்கியமாக, மறைக்கத் தேவையே இல்லாமலும் போகலாம். உதாரணத்துக்கு, அமெரிக்கப் படைகளின் மருத்துவ விதியில் 13 வயதுக்குப் பிறகும் இருந்த ஆஸ்துமாதான் தகுதிக் குறைவு. உங்களுக்குப் பதினோரு வயதோடு நின்றுவிட்டது என்கிறீர்கள். உங்கள் நாட்டு விதியில் எந்த வயது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒரு நுரையீரல் டாக்டரைப் பார்த்து ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனை எடுங்கள், பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். மருந்து இல்லாமல் இத்தனை வருடம், சோதனை முடிவு இயல்பு என்று தாளோடு போகிறவரை மருத்துவக் குழு வேறுவிதமாகப் பார்க்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். காற்றோட்டம் இல்லாத அந்த பெயின்ட் கூடத்துக்கு நீங்களும் அடிக்கடி போகிறீர்கள். அது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் என்றால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். வயதுவந்தவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள்களில் அது முக்கியமானது. ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே போதும். வேலை நாட்களில் இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம், விடுமுறையில் குறைவது என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அங்கே தினமும் நிற்கும் தொழிலாளர்களையும் இதே கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, பெயின்டின் பாதுகாப்புத் தகவல் தாளோடு சேர்த்து, நிர்வாகத்துக்கு மீண்டும் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதலாம். இதை நீங்கள் வேலை மாறும்வரை தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் உரிமைகளில் குறையப்போவது

இன்று உங்கள் பின்னால் தொழிலாளர் சட்டம் நிற்கிறது. சீருடை போட்டதும் அது அப்படியே கூட வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு ஆணையே, ஆயுதப் படைகளின் சில தனித்தன்மையான பணிகளுக்கு விலக்கு அளிக்கிறது. அமெரிக்காவில் அரசு ஊழியர்களின் பணியிடப் பாதுகாப்புக்கு 1980இல் வந்த அதிபர் ஆணை, படைவீரர்களையும் ராணுவத்துக்கே உரிய கருவிகள், நடவடிக்கைகளையும் வெளியே வைத்தது. படைகள் அதே தரங்களைத் தங்கள் சொந்த விதியாக ஏற்றுக்கொள்வது உண்டு. ஆனால் வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து அபராதம் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பாதிக்கப்பட்டால் வழக்குப் போடும் உரிமையும் சுருங்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950இல் ஃபெரெஸ் வழக்கில் சொன்ன தீர்ப்பால், பணி சார்ந்த காயத்துக்குப் படைவீரர் அரசின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடர முடியாது. பிரிட்டனில் இருந்த அப்படிப்பட்ட தடையை 1987இல் ஒரு சட்டத்தின் மூலம் நீக்கினார்கள். உங்கள் நாடு எந்தப் பக்கம் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பத்திரிகையிடம் பேசுவது, சங்கம் சேர்வது இரண்டும் கட்டுப்படும். உங்கள் ரிப்போர்ட்டைப் புதைத்துவிட்டார்கள் என்று தோன்றினால், அதை வெளியே கொண்டுபோவது ரகசியச் சட்டத்தில் மாட்டிவிடலாம். உள்ளே இருக்கும் வழிகளைத்தான் பயன்படுத்த வேண்டும்: மருத்துவப் பிரிவின் மேலதிகாரி வரிசை, படைக்குள் புகார்களை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம், சில நாடுகளில் நாடாளுமன்ற உறுப்பினர். சேர்வதற்கு முன் இந்த வழிகள் உங்கள் படையில் எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தோழியின் கேள்விக்கு

அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது. எரிபொருள் கசிவு, வெடிமருந்து எச்சம், தீயணைப்பு நுரையிலிருந்து நிலத்தடி நீருக்குப் போகும், எளிதில் சிதையாத பிஃபாஸ் ரசாயனங்கள் என்று ராணுவத் தளங்கள் மண்ணுக்கும் நீருக்கும் செய்த தீங்கு ஏராளம். எந்தப் போர் நடக்க வேண்டும், எந்த ஆயுதம் வாங்க வேண்டும் என்பதில் உங்கள் குரலுக்கு இடம் இருக்காது. ராணுவம் என்பதையே உங்கள் மனசாட்சி ஏற்கவில்லை என்றால், இந்தப் பதவி அந்தச் சங்கடத்தைத் தீர்க்காது.

ஆனால் ராணுவம் இருக்கும்வரை அதன் கழிவு எங்காவது போய்க்கொண்டுதான் இருக்கும். 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் 2016இல் மன்னிப்புக் கேட்டார். அமைதி காக்கப் போன படை அது. அந்த முகாமின் கழிவுக் குழாயையும் குழியையும் யாராவது ஒருவர் பிடிவாதமாகச் சரிபார்த்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். காப்பாற்றப்பட்டிருப்பவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, ஆற்றங்கரையில் துணி துவைத்த பெண்களும் அவர்கள் குழந்தைகளும். தோழியிடம் இதைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்வாரா தெரியாது, ஆனால் நேர்மையான பதில் இதுதான்.

விட்டுவர முடியுமா, வந்தால் என்ன

ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்ப முடியாது. கையெழுத்திட்ட காலம்வரை இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் புதிதாகச் சேர்பவருக்கு, முழுநேரச் செயல்பணியும், தேவைப்பட்டால் அழைக்கப்படும் ரிசர்வ் பணியும் சேர்த்து மொத்தம் எட்டு ஆண்டுக் கடமை என்பது பொது விதி. மேற்படிப்புக்கு அவர்கள் பணம் கட்டினால் கூடுதல் ஆண்டுகள் சேரும். ஆள் சேர்க்கும் அதிகாரி வாயால் சொல்வது எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை என்றால் இல்லைதான். "எப்படியும் இந்த ஊரில்தான் போஸ்டிங்" என்பது அதில் முதலாவது.

வெளியே வந்த பிறகு வேலைக்குப் பஞ்சம் இருக்காது என்றே நினைக்கிறேன். தண்ணீர், காற்று, சத்தம், கதிர்வீச்சு, பேரிடர் முகாம் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்த அனுபவம் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அதைத் தாளில் காட்ட, உள்ளே இருக்கும்போதே தொழில்சார் சுகாதாரத்தில் சர்வதேச அளவில் ஏற்கப்படும் ஒரு சான்றிதழை முடித்துவிடுங்கள். ராணுவப் பயிற்சிச் சான்று மட்டும் எல்லா நிறுவனத்துக்கும் புரியாது.

முழுநேரச் சீருடைதான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். பல படைகள் தங்கள் தளங்களில் இதே வேலைக்குச் சிவிலியன் ஊழியர்களை வைத்திருக்கின்றன. தொழிலாளர் பாதுகாப்பு பெரும்பாலும் கூடவே இருக்கும், ராஜினாமா செய்யலாம், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பதால் அந்த நிலத்தின் வரலாறே உங்கள் கையில் இருக்கும். முகாமோடு வெளிநாடு போகும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். ரிசர்வ் படையில் இந்தப் பதவி இருந்தால், இருக்கும் வேலையை விடாமலே உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, இந்த இரண்டில் ஒன்றில் தொடங்குவது உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். முடிவு உங்களுடையது.

வரன் விஷயத்தில் ஒரே வார்த்தை: நிச்சயத்துக்கு முன்பே அவரிடம் நீங்களே நேரில் பேசிவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறும், சில மாதங்கள் நீங்கள் வீட்டிலேயே இருக்க மாட்டீர்கள் என்பதைப் பெரியவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி இன்னும் ஏழு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரத்தில் நுரையீரல் சோதனைக்கு நேரம் வாங்குங்கள். அதோடு மூன்று கேள்விகளை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்: பதவி எந்தப் பிரிவின் கீழ் வருகிறது, மொத்தக் கடமைக் காலம் எவ்வளவு, ஆஸ்துமாவுக்கான வயது விதி என்ன. இந்தப் பதவியில் இப்போது இருக்கும் ஒருவரோடு பேச அனுமதியும் கேளுங்கள். பல இடங்களில் ஏற்பாடு செய்து தருவார்கள். அவரிடம், "கடைசியாக நீங்கள் சொன்ன ஆலோசனையை கமாண்டர் எப்போது ஏற்கவில்லை, அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒப்பந்த நகல் கிடைத்ததும், தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு, கடமைக் காலம் பற்றிய பக்கங்களை எனக்கு அனுப்பலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.